ஒரு கொகார்தாவும் ஒரு மே தினத் தொப்பியும்

கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். பேராதனையில் படிக்கும் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தபோது, "சித்தி, இதுல ஒரு ஹிஸ்ட்ரி டீச்சர் வர்றார், நீங்க பார்த்தே ஆகணும்" என்று லெப்டொப்பைத் திறந்து வைத்தான். 'எக்ஸ்ப்ளனேஷன் ஃபார் எவ்ரிதிங்' என்ற ஹங்கேரியப் படம். இயக்கியவர் காபோர் ரைஸ். 2023இல் வெனிஸ் திரைப்பட விழாவின் ஒரிசோன்டி பிரிவில் சிறந்த படத்துக்கான விருது பெற்றது. இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. அன்று நல்ல மழை. தகரக் கூரைச் சத்தத்தில் வசனம் காதில் விழவில்லை, ஆங்கில சப்டைட்டிலை வாசித்தே பார்த்தோம்.

புடாபெஸ்டில் ஆபெல் என்ற பையன். பள்ளியின் இறுதிப் பரீட்சை நேரம், நம் உயர்தரம் மாதிரி. ஆனால் அங்கே வாய்மொழித் தேர்வும் உண்டு. பாடத்தில் அவனுக்கு மனம் ஓடவில்லை. தோழி யாங்காவை நேசிக்கிறான். அவளோ வரலாற்று ஆசிரியர் யாகப்பை நினைத்து உருகுகிறாள், அவர் கல்யாணமானவர். பரீட்சையாளர்கள் முன் உட்கார்ந்த ஆபெலுக்கு வாயே திறக்கவில்லை. கோட்டில் கொகார்தா என்ற ரிப்பன் பூ ஒன்று குத்தியிருக்கிறது, மார்ச் மாதம் குத்தியதைக் கழற்ற மறந்திருக்கிறான். யாகப் அதைப் பற்றிக் கேட்கிறார். பையன் ஃபெயில். வீட்டில் தகப்பன் ஏன் என்று கேட்கும்போது, படிக்கவில்லை என்று சொல்ல முடியாமல், அந்தக் கொகார்தாவைக் காரணமாக்குகிறான்.

சிவப்பு, வெள்ளை, பச்சை ரிப்பனில் செய்த சின்னச் சட்டைப் பூதான் கொகார்தா. 1848 மார்ச் 15இல் ஹாப்ஸ்பர்க் அரச வம்ச ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய புரட்சியின் நினைவாக, அந்நாளில் எல்லோரும் குத்திக்கொள்வது. 2002 தேர்தலின் முதல் சுற்றில் பின்தங்கிய அப்போதைய பிரதமர் விக்டர் ஓர்பன், தன் ஆதரவாளர்களை அதை அணியச் சொன்னார். அதற்குப் பிறகு பலரும் அதை அவருடைய கட்சியின் அடையாளமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். இது தெரியாமல் படம் பார்த்தால், ஒரு ரிப்பனுக்கா இவ்வளவு சண்டை என்று தோன்றும். எனக்கு அக்கா மகன் பாதியில் நிறுத்திச் சொன்னான். தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன் வேறொரு பாடசாலையில் இருந்தேன். பதினோராம் தரத்துப் பையன் ஒருவன் தவணைப் பரீட்சையில் 27 புள்ளி எடுத்தான். வீட்டில் போய், "மிஸ்ஸுக்கு நம்ம சங்கத்தைப் பிடிக்காது, அதான் குறைச்சிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறான். என் அப்பா வேறொரு தொழிற்சங்கத்தில் தோட்டத் தலைவராக இருந்தவர், அது ஊருக்கே தெரியும். மறுநாள் காலை அவனுடைய அப்பா வந்துவிட்டார், கூடவே சங்கத்து ஆட்கள் இரண்டு பேர். "மிஸ், நீங்க அந்தப் பக்கந்தானே" என்றுதான் பேச்சே தொடங்கியது. விடைத்தாளை அதிபரின் மேசையில் வைத்தேன். பேச்சு முடிந்து அவர்கள் போகும்வரை ஒருவரும் அதைத் திறக்கவில்லை. பையன் கதவோரம் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அநியாயமாகப் பழி சுமத்தினார்கள் என்றே இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். படத்தில் யாகப் அந்தக் கொகார்தாவைப் பற்றிக் கேட்கும் இடத்தில்தான் வேறொன்று ஞாபகம் வந்தது. அந்தப் பரீட்சைக்குச் சில வாரம் முன்பு, அவன் தங்கள் சங்கத்து மே தினக் கூட்டத்தில் கிடைத்த தொப்பியோடு வகுப்புக்கு வந்திருந்தான். எல்லோர் முன்னாலும் கழற்றச் சொன்னேன். யார் போட்டு வந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் என் குரலில் கொஞ்சம் கூடுதல் சூடு இருந்திருக்கும். அவனுக்கு அது கேட்டிருக்கும். புள்ளி சரியாகத்தான் போட்டேன், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அவன் சொன்ன பொய்க்கு விதை எங்கிருந்து விழுந்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

படத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது இதுதான். காபோர் ரைஸ் யாரையும் வில்லனாக்கவில்லை, யாரையும் எளிதில் தப்பவும் விடவில்லை. தகப்பன் ஜோர்ஜாக நடித்த இஷ்த்வான் ஸ்னாமெனாக்கைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது, பிறகு பாவமாகவும் இருந்தது. மகன்மேல் உயிரையே வைத்திருக்கிறார், மகன் பேசுவதைக் கேட்க மட்டும் பொறுமை இல்லை. அவரும் யாகப்பும் நேருக்கு நேர் மோதும் நீண்ட காட்சியில் இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் யாருடைய நியாயத்திலும் ஆபெல் இல்லை. அந்த இடத்தில் அக்கா மகன் பிளேன்டீயைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தான். ஆபெலாக வரும் காஷ்பார் அதோனி-வால்ஷ் அதிகம் பேசுவதில்லை, முகத்தை வைத்தே பாதிப் படத்தைச் சுமக்கிறார்.

இளம் பத்திரிகையாளர் எரிகா இந்தச் செய்தியைக் கையில் எடுத்ததும் வீட்டுப் பிரச்சினை நாட்டுப் பிரச்சினையாகிறது. அவரையும் அனுதாபத்தோடுதான் காட்டுகிறார்கள், ஆனால் அந்தப் பகுதி எனக்கு நீளமாகப் பட்டது. இருபது நிமிடம் குறைத்திருக்கலாம். யாங்காவை அழவிட்ட அளவுக்குப் பேசவிட்டிருக்கலாம் என்பதும் என் குறை. முடிவைச் சொல்ல மாட்டேன்.

ஆசிரியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சங்கம் ஒரு பக்கம், கட்சி ஒரு பக்கம் என்று ஒரே லயத்தில் இரண்டு வீடு பேசாமல் இருக்கும் நம் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளும் பார்க்க வேண்டும். என் உயர்தர வகுப்புக்கு அடுத்த தவணையில் காட்டப்போகிறேன். சப்டைட்டில் ஆங்கிலத்தில் இருப்பதால் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டும், இரண்டு பிற்பகல் பிடிக்கும். முதல் நாளை, ஆபெல் வீட்டுக்கு வந்து தகப்பன் முன் நிற்கும் இடத்தில் நிறுத்துவதாக இருக்கிறேன். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று ஒவ்வொருவரையும் ஒரு தாளில் எழுதச் சொல்வேன், பெயர் போடாமல்.