எரிக்சனின் எட்டுப் படிகளும் என்சோ மக்களின் மூன்று பருவங்களும்

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-இல் முன்வைத்த எட்டுப் படிகளில் மனிதரின் உளவளர்ச்சி பிறப்பில் தொடங்கி முதுமையில் முடிகிறது. படிக்கு ஒரு நெருக்கடி, அதாவது அந்த வயதில் மனம் தீர்த்தாக வேண்டிய ஒரு போராட்டம்.

கேமரூனின் என்சோ மக்களுடைய பார்வையை உளவியலாளர் பாமே என்சாமெனாங் எழுத்தில் கொண்டுவந்தார். கருவுற்றதிலிருந்து பெயர் சூட்டும் வரை ஆன்மப் பருவம். பிறகு சாகும் வரை சமூகப் பருவம். அப்புறம் மூதாதையர் பருவம். சமூகப் பருவத்துக்குள் மட்டும் ஏழு கட்டங்கள். ஏவிய வேலையைச் செய்வது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது என்று வயதுக்கேற்ற பொறுப்பை ஏற்றுத்தான் அங்கே குழந்தை ஆளாகிறது.

‘நான் யார்?’ என்று தவிக்கும் பதின்ம வயதினரைப் புரிந்துகொள்ள எரிக்சனே உதவுவார். முதுமைக்கு என்சோ பார்வைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எரிக்சனின் முதியவர் கடந்துவந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறார். என்சோ முதியவருக்கு மூதாதையராகும் பருவம் இன்னும் முன்னால் இருக்கிறது.