மலேவிச் ஸ்கெட்ச் பிரிண்ட் + ஃப்ரேம், ராயப்பேட்டை கடை: 4/5

கறுப்பு வெள்ளை ஓவியம் ஏதாவது பிரிண்ட் போட்டு மாட்டணும்னு நினைக்கிறவங்களுக்காக எழுதுறேன். நான் குடுத்தது ஓவியர் மலேவிச் 1913ல பென்சில்ல போட்ட ஸ்கெட்ச், 'சூரியன் மீது வெற்றி'ங்கிற ரஷ்ய ஓபரால (இசை நாடகம்) ரெண்டாவது அங்கம் அஞ்சாவது காட்சிக்கு பின்னாடி தொங்குற திரைக்காக வரைஞ்சது. பெரிய சதுரத்துக்குள்ள ஒரு சின்ன சதுரம், சின்னது மூலைக்கு மூலை குறுக்கால ரெண்டாகி ஒரு பக்கம் கறுப்பு ஒரு பக்கம் வெள்ளை, அவ்ளோதான் படம்.

கடைக்கார அண்ணன் வெளி சதுரத்தை ரஃப் கோடுன்னு நினைச்சு க்ராப் பண்ணிட்டார், "உள்ள இருக்கிறது மட்டும் போட்டா நீட்டா இருக்கும் சார்"னு. ப்ரூஃப் (சாம்பிள் பிரிண்ட்) காட்டினதால தப்பிச்சேன். ஏன்னா வெளி சதுரம் இருந்தாதான் அது மேடை, உள்ள ஆழம் தெரியும், அதை வெட்டிட்டா வெறும் தட்டையான டிசைன். 1915ல பெட்ரோகிராட்ல (இப்போ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) காட்டின 'கறுப்பு சதுரம்'ங்கிற தன்னோட பிரபல ஓவியத்துக்கு மலேவிச்சே பிற்பாடு 1913ன்னு தேதி போட்டார், அதனால இந்த ஸ்கெட்ச்சை பாதி முடிஞ்ச கறுப்பு சதுரமா பாக்கிறவங்க நிறைய. இன்னொரு பக்கம், இருட்டு சூரியனை முழுங்குது, கிரகணம்ங்கிறாங்க. எனக்கு அது முழுசா ஒட்டல, கதைப்படி முதல் அங்கத்துலயே சூரியனை பிடிச்சு அடைச்சாச்சு, அஞ்சாவது காட்சில சூரியனே இல்லாத எதிர்காலம்தான் ஓடுது, அப்போ அந்த வெள்ளை என்ன? புது உலகத்தோட வெளிச்சமா, இல்ல இன்னும் கறுப்பு ஏறாத மிச்சமா? கடைல வேலை பாக்கிற தம்பி பாத்துட்டு "ரூம்ல கதவு பாதி தொறந்திருக்கு"ன்னான், மேடைன்னு யாரும் சொல்லாமலே அவன் அதை ஒரு இடமா பாத்தான், வெளி சதுரத்தை வெட்டாம வச்சதுக்கு அதுவே போதும்.

சொன்னதும் முகம் சுளிக்காம திருப்பி போட்டுக் குடுத்தாங்க, காசும் கூட கேக்கல. மேட் பேப்பர்ல பென்சில் கறுப்போட ஏற்ற இறக்கம் நல்லா வந்திருக்கு, க்ளாஸி எடுத்திருந்தா எல்லாம் ஒரே மையா போயிருக்கும். ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு (ஃப்ரேமுக்குள்ள படத்தோட வைக்கிற அட்டை) கேட்டு வாங்குங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு சாதா போர்டு சீக்கிரம் மஞ்சளாயிடும், பூஞ்சையும் வரும். ஒரு ஸ்டார் குறைச்சது கண்ணாடிக்கு, ட்யூப்லைட் போட்டா கறுப்பு பக்கம் பூரா என் மூஞ்சிதான் தெரியுது. ரிஃப்ளெக்ஷன் இல்லாத கண்ணாடி இருக்கான்னு முதல்லயே கேட்டுடுங்க, 'க்ராப் வேண்டாம்'னு பில்லுலயே எழுத சொல்லுங்க.