ஜெர்மனியில் மருத்துவ அலுவலகப் பயிற்சி: கிளினிக்கா, மருத்துவமனை நிர்வாகமா?

ஜெர்மனியில் மருத்துவத் துறையின் அலுவலகப் பணிக்குச் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் ‘அவுஸ்பில்டுங்’ எனப்படும் இரண்டு தொழிற்பயிற்சிகளுக்கிடையே தயங்குகிறார்கள்: ஒன்று எம்.எஃப்.ஏ. எனப்படும் மருத்துவ உதவியாளர் பயிற்சி, மற்றொன்று சுகாதாரத் துறைக்கான வணிக நிர்வாகப் பயிற்சி. இரண்டுமே மூன்றாண்டுகள் நீள்பவை. பணியிடத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறிமாறிக் கற்று, மாதந்தோறும் பயிற்சி ஊதியம் பெறும் முறையும் ஒன்றே.

எம்.எஃப்.ஏ. பயிற்சியில் இரத்தம் எடுத்தல், இ.சி.ஜி. பதிதல், காயத்துக்குக் கட்டுப்போடுதல் ஆகியவற்றோடு வரவேற்பு மேசையின் முழுப் பொறுப்பும் அடங்கும். ஒவ்வொரு காலாண்டும் நோயாளியின் காப்பீட்டு அட்டையைப் புதிதாகப் பதிய வேண்டும். பொதுக் காப்பீட்டு நோயாளிக்கு ஈ.பி.எம். என்ற கட்டணப் பட்டியல்படி மருத்துவர்களின் சங்கம் வழியாகவும், தனியார் காப்பீட்டு நோயாளிக்கு கோ.ஏ. என்ற கட்டணப் பட்டியல்படி அவருக்கே நேரடியாகவும் கணக்கு அனுப்பப்படுவதால், சிகிச்சைக்கான குறியீடு ஒன்று கணக்கில் விடுபட்டால் இழப்பு மருத்துவருக்கே. 2024 ஜனவரியில் மின்மருந்துச் சீட்டும், 2025 அக்டோபரில் நோயாளிகளின் மின்னணுக் கோப்பும் கட்டாயமான பிறகு, அந்த மேசையில் கணினி வேலை மேலும் கூடியுள்ளது.

வணிக நிர்வாகப் பயிற்சி பெற்றவர் மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம், முதியோர் இல்லம் போன்றவற்றில் கணக்கு, கொள்முதல், பணியாளர் நிர்வாகம் ஆகியவற்றைப் பார்ப்பார். ஊசி பிடிக்கும் வேலை இல்லை. தொழிற்சங்கத்தோடான கூட்டு ஊதிய ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பொது மருத்துவமனைகளில் பயிற்சி ஊதியமும் வழக்கமாகக் கூடுதல், எம்.எஃப்.ஏ. ஊதிய ஒப்பந்தமோ எல்லா மருத்துவர்களையும் கட்டுப்படுத்துவதில்லை என்பதால், கையொப்பமிடுமுன் தொகையைக் கேட்டறிவது நல்லது.

ஆயினும் சிறு கிளினிக்கில் வேலை செய்வதே நோக்கமென்றால் எம்.எஃப்.ஏ.தான் பொருத்தம் என்பது என் கருத்து; மூன்று நான்கு பேர் மட்டுமே உள்ள இடத்தில், மேசையை விட்டு எழாத ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க எந்த மருத்துவரும் விரும்பமாட்டார். அனுபவம் பெற்றபின் மேற்பயிற்சி முடித்து, மருத்துவரின் சார்பில் நோயாளிகளின் வீட்டுக்குச் செல்லும் பொறுப்பையும் ஏற்கலாம். இரத்தத்தைக் கண்டாலே மயங்குபவருக்கு, சொல்லத் தேவையில்லை, மற்ற வழியே ஏற்றது.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்போருக்கு விசாவுக்குப் பொதுவாக பி1 எனப்படும் இடைநிலை ஜெர்மன் கேட்கப்படும். ஆனால் தொலைபேசியில் இருமலுக்கிடையே வட்டார வழக்கில் பேசும் முதியவரைப் புரிந்துகொள்ள அது போதாது, ஆகவே அடுத்த நிலையான பி2 முடித்துவிட்டு வருவதே அறிவு. அஞ்சல்வழி மருத்துவச் செயலர் சான்றிதழ்கள் செலவும் காலமும் குறைந்தவை என்றாலும், இந்த மூன்றாண்டுப் பயிற்சிகளுக்கு ஈடாக அவற்றைக் கருத முடியாது. ஏற்கெனவே அலுவலக அனுபவம் உள்ளவர்களுக்கே அவை ஓரளவு உதவும்.