நீல ஓஎல்இடிக்கு முறுக்கிய மூலக்கூறா, தட்டை மூலக்கூறா?

ஓஎல்இடி என்னும் கரிம ஒளிர் டயோடுக்காக, தாமத ஒளிர்வு (வீணாகும் ஆற்றலை வெப்பத்தால் மீட்டு ஒளியாக்குவது) தரும் நீலச் சேர்மம் ஒன்றை ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எலக்ட்ரானைத் தரும் பகுதியும் (டோனர்) ஏற்கும் பகுதியும் (அக்செப்டர்) முறுக்கி இணைந்த வகையை விட்டுவிட்டு, தட்டையான சட்டகத்தில் போரானும் நைட்ரஜனும் கோத்த டாப்னா வகையை எடுத்தேன். காரணம் ஒன்றே ஒன்று: நிறத்தின் அகலம்.

அடிப்படை இரண்டுக்கும் பொது. மின்சாரத்தால் உருவாகும் கிளர்நிலைகளில் கால்பங்கு எளிதாக ஒளிரும் சிங்லெட், முக்கால்பங்கு இந்தச் சேர்மங்களில் நேரடியாக ஒளிராத ட்ரிப்லெட். இரண்டுக்கும் இடையே ஆற்றல் இடைவெளி சிறிதாக இருந்தால், அறை வெப்பமே ட்ரிப்லெட்டைச் சிங்லெட்டுக்கு ஏற்றிவிடும். அதற்கு ஹோமோவும் (எலக்ட்ரான் நிரம்பிய மிக உயர்ந்த ஆர்பிட்டல்) லூமோவும் (காலியான மிகத் தாழ்ந்த ஆர்பிட்டல்) ஒன்றன்மேல் ஒன்று அதிகம் படியக்கூடாது.

முறுக்கு வழியைப் பிரபலமாக்கியது கியூஷு பல்கலைக்கழகத்தின் சிஹாயா அடாச்சி குழு, 2012-இல். இரண்டு சயனோ தொகுதிகள் கொண்ட பென்சீன் அக்செப்டர்; அதைச் சுற்றி டோனர்களாக நான்கு கார்பசோல் வளையத் தொகுதிகள். இட நெருக்கடியில் அவை திருகி நிற்பதால் ஹோமோ கார்பசோல்களிலும் லூமோ நடுவிலும் தங்குகின்றன. பச்சை ஒளியில் புறக் குவாண்டம் திறன் (செலுத்தும் எலக்ட்ரான்களுக்கு வெளிவரும் ஒளித்துகள்களின் விகிதம்) 19 சதவீதத்தைத் தாண்டியது. தயாரிப்பது எளிது, டோனரை மாற்றினால் நிறமும் மாறும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே சொல்வேன்.

ஆனால் கிளர்ந்ததும் மின்னூட்டம் டோனரிலிருந்து அக்செப்டருக்குத் தாவுகிறது. மூலக்கூறின் வடிவம் மாறுகிறது, டோனரை இணைக்கும் பிணைப்பு இப்படியும் அப்படியும் திரும்புகிறது. ஒவ்வொரு கோணத்துக்கும் ஒவ்வொரு ஆற்றல். சுற்றியுள்ள ஊடகத்தின் முனைவுத்தன்மையும் சேர்ந்துகொள்ள, நிறமாலையின் அரை உயர அகலம் (முகட்டின் பாதி உயரத்தில் அளப்பது) 70 முதல் 100 நானோமீட்டர் வரை விரிகிறது. நீலத்தில் இது பெரிய இழப்பு. விரிந்த வால் பச்சைக்குள் போய்விடுகிறது. வடிகட்டி வெட்டினால் அரும்பாடுபட்டு மீட்ட ஒளியும் சேர்ந்து போகிறது. ரெக். 2020 என்னும் திரை நிறத் தரம் கேட்கும் நீலம் 467 நானோமீட்டரில் ஒற்றைக் கோடு.

2016-இல் டக்குஜி ஹாட்டகெயாமா குழு காட்டிய டாப்னா வழி வேறு. தட்டையான ஒரே சட்டகத்துக்குள் போரானும் நைட்ரஜனும் எதிரெதிராக இழுக்க, ஹோமோவும் லூமோவும் அடுத்தடுத்த அணுக்களில் மாறிமாறி அமர்கின்றன. மின்னூட்டம் தொலைவு தாவுவதில்லை. சட்டகம் அசைவதற்கும் இடமில்லை. 2019-இல் வந்த நியூ-டாப்னா 469 நானோமீட்டரில், வெறும் 18 நானோமீட்டர் அகலத்தில், 34.4 சதவீதத் திறனோடு ஒளிர்ந்தது. அந்தக் கூர்மையான முகட்டைப் பார்த்த பிறகு எனக்கு மனம் மாறவில்லை.

விலை உண்டு. போரானை வளையத்துக்குள் நுழைக்கும் படியில் ஈரப்பதம் துளிகூட ஆகாது. தட்டை மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்ளும்; அதனால் ஹோஸ்டில் (ஒளிரியைத் தாங்கும் ஊடகம்) மிகக் குறைவாகவே கலக்க வேண்டும். பல டாப்னா சேர்மங்களில் ட்ரிப்லெட் ஏறுவது மெதுவாக நடக்கிறது, பிரகாசத்தைக் கூட்டினால் திறன் சரிகிறது. சாதனத்தின் ஆயுளைப் பற்றி உறுதியாகப் பேசும் அளவுக்கு நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

வேகக் குறைவுக்கு முறுக்கு மூலக்கூறையே துணைக்கு அழைக்கலாம். அது ட்ரிப்லெட்டுகளைச் சிங்லெட்டாக்கி, ஃபோர்ஸ்டர் வழியில் (ஒளியை உமிழாமலேயே அருகிலுள்ள மூலக்கூறுக்கு ஆற்றலைக் கடத்துவது) ஆற்றலைத் தட்டை மூலக்கூறுக்குக் கொடுக்கும். ஒளி பின்னதிலிருந்து குறுகலாகவே வரும். அடாச்சி குழு 2014-இலேயே வழக்கமான ஒளிரிகளோடு இதைச் செய்துகாட்டியிருக்கிறது. நீலத்துக்குத் துணையின் உமிழ்வு டாப்னாவின் உட்கவர் முகட்டோடு படிய வேண்டும், அதன் ட்ரிப்லெட்டும் போதிய உயரத்தில் இருக்க வேண்டும். அப்படியொரு ஆழ்நீலத் துணையைத் தேடுவதில்தான் இப்போது என் நேரம் போகிறது.