பழைய டிரில் ஹால் யார் கைக்குப் போகவேண்டும்? கேப்டவுன், ஜோகன்னஸ்பர்க், டர்பன்

டிரில் ஹால் என்றால் படைவீரர்கள் அணிவகுப்புப் பயிற்சி எடுக்கும் பெரிய மண்டபம். ராணுவம் காலி செய்த கட்டடங்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் மூன்று நகரங்கள் மூன்று விதமாக வழி செய்தன. கேப்டவுன் நூலகம் ஆக்கியது. ஜோகன்னஸ்பர்க் நினைவிடமும் சதுக்கமும் ஆக்கியது. டர்பனில் வெடிமருந்துக் கிடங்கு தேவாலயம் ஆயிற்று. கல்யாணத்துக்கும் புரட்டாசி பூஜைக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் இடம் தேடும் நம் சங்கங்கள் மூன்றையும் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

நம் வரலாற்றோடு நெருங்கியது ஜோகன்னஸ்பர்க். 1904-இல் எழுந்த அந்த டிரில் ஹாலில்தான் 1956 டிசம்பர் 19 அன்று, நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்கள்மீது அரசு போட்ட தேசத்துரோக வழக்கின் பூர்வாங்க விசாரணை தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 156 பேரில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர், டர்பனின் டாக்டர் மான்டி நாயக்கரும் ஒருவர். முதல் நாள் ஒலிபெருக்கி இல்லை; யார் பேசுவதும் காதில் விழாமல் விசாரணையை ஒத்திவைத்தார்கள். மறுநாள் வந்தால் கம்பிக்கூண்டு! வழக்கறிஞர்கள் கொதித்தெழுந்த பிறகே அதைப் பிரித்தார்கள்.

அந்த ஒலிபெருக்கிச் சங்கதியை மண்டபம் தேடுகிறவர்கள் மறக்கவே கூடாது. தகரக்கூரை, செங்கல் சுவர், வெறுந்தரை என்று அணிவகுப்புக்காகக் கட்டிய இடம் அது. ஒற்றைச் சொல் கட்டளை எதிரொலித்தாலும் புரியும். தேவாரமும் பாடமும் புரியாது. சத்தத்தைக் கூட்டினால் குழப்பம்தான் கூடும். முதலில் கூரையடியில் ஒலி உறிஞ்சும் பலகையும் பின்சுவரில் கனத்த திரையும் போடுங்கள். அப்புறம் மேடையில் இரண்டு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில், கூட்டத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாகப் பல ஸ்பீக்கர்களை வையுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் டிரில் ஹாலை விட்டு ராணுவம் போனபின் வீடற்றவர்கள் அங்கே குடியேறினார்கள். 2000-களின் தொடக்கத்தில் நடந்த தீவிபத்துகளில் பிரதான மண்டபம் போய்விட்டது. 2004-இல் புதுப்பித்தபோது மண்டபம் இருந்த இடத்தைத் திறந்த சதுக்கமாக விட்டு, சுற்றுக் கட்டடங்களைச் சீர்செய்தார்கள். 2008 முதல் கெலெகெட்லா நூலகம் அங்கே பிள்ளைகளுக்காக இயங்கியது. அதுவும் வெளியேறியது, இடம் மறுபடி சீரழிந்தது. மூன்றிலும் அதிக மரியாதைக்குரிய இடம் இதுதான், அதனாலேயே மனம் வேகிறது. நினைவுப் பலகை வைத்தால் மட்டும் கூரை ஒழுகாமல் இருக்காது. தினமும் கதவைத் திறந்து மூட ஆள் வேண்டும்.

கேப்டவுனில் அந்த ஆள் இருக்கிறார். கிராண்ட் பரேடு மைதானத்தை ஒட்டி, நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள 1889-ஆம் ஆண்டு டிரில் ஹாலுக்கு 2008-இல் மத்திய நூலகம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளை நிதியும் உதவியது. நகரசபை ஊழியர்கள் தினமும் வருகிறார்கள். குழாய் ஒழுகினால் அன்றே தெரிந்துவிடும். எங்கள் வாக்கு இதற்கே.

ஆனால் இதைப் பார்த்து நாமும் நூலகம் வைக்கலாம் என்று புறப்படுகிறவர்கள் முதலில் தரையைப் பாருங்கள். 90 செ.மீ. தட்டு ஒன்றில் நிறையப் புத்தகம் அடுக்கினால் 25 முதல் 30 கிலோ. ஆறு அடுக்கு, இருபுறமும் என்றால் ஒரு அலமாரியே 300 கிலோவைத் தாண்டும். பழைய டிரில் ஹால்களில் பலகைத் தரைக்கு அடியில் வெற்றிடம் இருந்தால், வெளிச்சுவரின் காற்றுத் துளைகளை யாராவது சிமெண்டால் அடைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். அடைத்திருந்தால் உத்தரங்கள் அடியில் உளுத்திருக்கும், மேலே ஒன்றும் தெரியாது. ஒரு பலகையைக் கழற்றி, உத்தரத்தின் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். துப்பாக்கி வைத்த இரும்புக்கதவு அறை இருந்தால் இடிக்காதீர்கள். சுவாமி நகைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

டர்பன் பழைய கோட்டையின் கிடங்கு வேறு சாதி. 1842-இல் பிரிட்டிஷ் படை முற்றுகையில் சிக்கிய இடம் அது. அங்கிருந்த வெடிமருந்துக் கிடங்கே விலங்கிட்ட புனித பேதுரு தேவாலயம்; கல்யாணங்களுக்குப் பெயர்போனது. சிறு குடும்பக் கல்யாணத்துக்கு இந்த மாதிரிக் கட்டடம் பொருந்தும், நம் ஆயிரம் பேர் விருந்துக்குப் பொருந்தாது. பொதுவாக வெடிமருந்துக் கிடங்குகளுக்குச் சுவர் தடிமன், வாசல் குறைவு. தீப்பொறி நேராக நுழையாதபடி காற்றுவழிகளை வளைத்து வைத்திருப்பார்கள். ஏசி போடுகிறோம் என்று அவற்றை அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரில் உப்புப் பூக்கும். மேலே சிமெண்ட் பூசினால் பாளம் பாளமாக உதிரும். சுண்ணாம்புப் பூச்சுதான் தாங்கும். ஹோமப் புகைக்கு வழி இல்லையென்றால் ஹோமத்தை வெளிப்பந்தலில் வையுங்கள்.

எங்கே போனாலும் இரண்டு விஷம் தேட வேண்டும். உள்ளரங்கச் சுடுதளம் இருந்திருந்தால் தரையிலும் விளிம்புகளிலும் ஈயத்தூசி இருக்கும். துடைப்பத்தால் பெருக்கினால் அது காற்றில் பறந்து பிள்ளைகளின் உடம்புக்குள் போகும். மாதிரி எடுத்துப் பரிசோதித்து, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சும் இயந்திரத்தாலும் ஈரத்துணியாலும் சுத்தம் செய்தபிறகே வகுப்பு. இன்னொன்று ஆஸ்பெஸ்டாஸ் கூரைத்தகடு: ஆணி அடிக்காதீர்கள், துளை போடாதீர்கள், பதிவுபெற்ற ஒப்பந்ததாரரைக் கூப்பிடுங்கள்.

1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தில் மாகாண மரபு அமைப்பின் அனுமதி இல்லாமல் மாற்றமோ இடிப்போ செய்ய முடியாது. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், அனுமதி வாங்குவது யார், கூரையும் மழைநீர்க் குழாயும் யார் பொறுப்பு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.