எவரெஸ்ட் அடிவாரப் பாதையின் ஷெர்பா விடுதிகள்: ஒரு மதிப்பீடு

நேபாளத்தின் லுக்லாவில் இறங்கி எவரெஸ்ட் அடிவார முகாம்வரை நடப்பவர்கள் கூடாரமோ அடுப்போ சுமக்க வேண்டியதில்லை. சுமார் 2,860 மீட்டரில் தொடங்கி 5,364 மீட்டரில் முடியும் இந்தப் பாதையில், ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் இமயமலை மக்களான ஷெர்பா குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் இருக்கின்றன. இவற்றைக் குறை கூறுபவர்கள் பெரும்பாலும் படுக்கையறையை வைத்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். என் பார்வையில், இவ்விடுதிகளின் தரத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு கட்டில்கள், ஒரு ஜன்னல், பக்கத்து அறைக்காரரின் இருமல் அப்படியே கேட்கும் பிளைவுட் தடுப்பு, அவ்வளவுதான். அறையில் கணப்பு கிடையாது என்பதால், லொபுச்சே போன்ற 4,900 மீட்டரைத் தாண்டிய இடங்களில் தலைமாட்டில் வைத்த தண்ணீர் விடிவதற்குள் உறைந்துவிடும். விடுதியில் தரும் கம்பளியை மட்டும் நம்பாமல் நல்ல ஸ்லீப்பிங் பேக் ஒன்றைக் கொண்டுபோவது அவசியம். அறை வாடகை மிகக் குறைவு. இரவுச் சாப்பாட்டையும் காலைச் சிற்றுண்டியையும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது அதற்கான எழுதப்படாத நிபந்தனை. விடுதிக்காரரின் பிழைப்பே அந்தச் சமையலறையில்தான் இருக்கிறது என்பதால், அதை நான் நியாயமாகவே கருதுகிறேன்.

கூடத்தின் நடுவே புகைபோக்கியுடன் ஓர் இரும்பு அடுப்பு இருக்கும். மரங்கள் வளராத உயரத்திற்கு மேலே விறகு கிடையாது. காய்ந்த யாக் வறட்டிதான் எரிபொருள். மாலையில் விடுதி அம்மாள் மூடியைத் தூக்கி, கூடையிலிருந்து வறட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கித் தீ மூட்டியதும், அதுவரை ஜன்னலோரப் பெஞ்சுகளில் சுருண்டு கிடந்தவர்கள் அனைவரும் ஈரக் காலுறைகளோடு அடுப்பைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். எந்தப் பாதையில் பனி இறுகிக் கிடக்கிறது, மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்ற பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும்.

உணவில் என் முதல் தேர்வு தால் பாத். சோறு, பருப்பு, காய்கறி மூன்றையும் கேட்டால் மறுபடியும் பரிமாறுவார்கள்; நாள் முழுவதும் ஏறி வந்த உடம்புக்கு வேறெதுவும் அவ்வளவு ஒத்துக்கொள்வதில்லை. இந்தப் பாதை செல்லும் கும்புப் பகுதியில் விளையும் உருளைக்கிழங்கைத் துருவிச் செய்யும் ரிகிகுர் ரொட்டியை, வழியிலுள்ள நாம்சே பஜார் என்ற ஊரில் சூடாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது: இப்பகுதியில் உயிர்க்கொலை செய்யும் வழக்கம் இல்லாததால், அது கீழிருந்து பல நாள் சுமந்து கொண்டுவரப்பட்டதாகவே இருக்கும். உயரம் கூடக்கூடப் பசி மங்கிவிடும். அந்த நிலையில் நம்மூர்ப் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் இரண்டு கவளம் கூடுதலாக இறங்க உதவுகின்றன.

மேலே போகப் போக விலை ஏறுவதைப் பலர் கொள்ளை என்கிறார்கள். லுக்லாவுக்கு அப்பால் வண்டி போகும் சாலையே இல்லை. அரிசி மூட்டையிலிருந்து கேஸ் சிலிண்டர்வரை கோவேறு கழுதையோ யாக்கோ மனித முதுகோ சுமந்துதான் வர வேண்டும். நெற்றிப் பட்டையில் பாரத்தைத் தாங்கி, டி வடிவக் கட்டையில் சற்றே சாய்த்து மூச்சு வாங்கும் சுமைதூக்கியை வழியில் பார்த்த பிறகு, தேநீரின் விலையைப் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. செல்பேசிக்கு மின்னேற்றுவதற்கும் வெந்நீர்க் குளியலுக்கும் தனிக் கட்டணம் உண்டு.

குறைகளும் இருக்கின்றன. உயரமான ஊர்களில் குழாய் உறைந்துவிடுவதால், கழிப்பறையில் டிரம்மின் மேல் படர்ந்த பனிக்கட்டியைக் குவளையால் உடைத்துத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். பெரிய குழுக்கள் வந்துவிட்டால் தனியாக வருபவர்களைக் கடைசியில் கவனிக்கும் விடுதிகளும் உண்டு. ஒரு விடுதியில் கூடுதல் கம்பளி கேட்டபோது, எல்லாம் குழுவுக்கு ஒதுக்கியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குளிரில் அது சிறிய விஷயம் அன்று.

ஆனாலும் பாதையின் மேற்பகுதியில் உள்ள திங்போச்சே என்ற ஊரில் நான் கண்டது இந்தக் குறைகள் எல்லாவற்றையும்விடப் பெரிது. ஓர் இளைஞர் சூப்பைத் தொடாமல் மேசையில் தலை சாய்த்திருந்தார். உயரத்தால் வரும் நோயோ என்ற சந்தேகத்தில் விடுதி அம்மாள் அருகில் வந்து, தலைவலி எப்போது தொடங்கியது, வாந்தி வந்ததா என்று கேட்டார். பிறகு வழிகாட்டியை அழைத்து, மறுநாள் மேலே கூட்டிப்போகக் கூடாது, சரியாகாவிட்டால் கீழே இறக்கிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒரு வாடிக்கையாளரைக் கீழே அனுப்புவதால் தமக்கு வரக்கூடிய நட்டத்தை அவர் பொருட்படுத்தவில்லை. சற்றுக் கீழே பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் 1973 முதல் மலைநடைப் பருவங்களில் இயங்குகிறது என்பதையும் நடப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உயரத்திற்கு உடல் பழகுவதற்காக நாம்சேயிலும் திங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவுகள் தங்குங்கள். அங்குள்ள விடுதிகள் அதற்கேற்ற வசதியுள்ளவை. 5,164 மீட்டரில் உள்ள கோரக் ஷேப்பில் தூக்கம் சரியாக வராது என்பதால் ஓர் இரவு போதும். கூட்டம் மிகுந்த அக்டோபரில் போகிறவர்கள், அடுத்த ஊரில் அறை இருக்கிறதா என்று முந்தைய விடுதியிலிருந்தே தொலைபேசியில் கேட்டுச் சொல்லச் சொல்வது நல்லது. பெரும்பாலானோர் மறுக்காமல் செய்து தருகிறார்கள். மேகம் இறங்கினால் லுக்லா விமானங்கள் நின்றுவிடும் என்பதால், திரும்பும் பயணத்தில் ஒன்றிரண்டு நாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.