ஸ்கோப்பா, கிளாஸ் மெத்தடா?

'வெளியான கட்டுரைகள் மட்டும்' என்பது போன்ற ஃபில்டரைப் பத்துக் கண்ட்ரோலரில் திரும்பத் திரும்ப எழுதாமல், ரெயில்ஸ் (ரூபி மொழியின் வலை ஃபிரேம்வொர்க்) மாடலிலேயே, அதாவது டேபிளைக் குறிக்கும் கிளாஸிலேயே, ஒரு பெயர் கொடுத்து வைத்துவிடலாம். ஸ்கோப்பாக (ஒரு பெயரோடு லாம்ப்டாவை, அதாவது பெயரில்லாத சிறு ஃபங்ஷனை, இணைப்பது) எழுதலாம், சாதாரண கிளாஸ் மெத்தடாகவும் (மாடல் கிளாஸின் மேலேயே அழைக்கும் ஃபங்ஷன்) எழுதலாம். இரண்டும் ஒன்றுதான், பிடித்ததை எழுதிக்கொள் என்பார்கள். ஒரு வரி ஃபில்டருக்கு அது உண்மை: இரண்டையும் மற்ற ஃபில்டர்களோடு கோக்கலாம், டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்க்யூஎல் குவெரியும் ஒன்றே. உள்ளே ஓர் 'இஃப்' நுழைந்ததும்தான் பாதை பிரிகிறது.

ஒரு தேடல் பக்கம். நகரத்தின் பெயர் வந்தால் அதன்படி வடிகட்ட வேண்டும், வராவிட்டால் எல்லாமே வர வேண்டும். ஸ்கோப்பில் 'நகரம் இருந்தால் மட்டும் இந்த வேர் (where) நிபந்தனை' என்று எழுதினால் போதும். நகரம் இல்லாதபோது லாம்ப்டா தருவது நில் (nil, ரூபியில் 'எதுவுமில்லை'). அதை ரெயில்ஸ் 'வடிகட்ட ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டு முழு ரிலேஷனையும் (மேலும் கோக்கக்கூடிய குவெரி) தந்துவிடும். கிளாஸ் மெத்தடில் அதே வரி நில்லை நில்லாகவே திருப்பும். அடுத்து வரும், வரிசைப்படுத்தும் 'ஆர்டர்' அதன் மேல் விழுந்து, நோமெத்தட்எரர் ('அப்படி ஒரு மெத்தட் இல்லை')! தேடல் பக்கத்துக்கு ஸ்கோப்தான் சௌகரியம், சந்தேகமே இல்லை.

இதே சௌகரியம் அனுமதி சரிபார்க்கும் இடத்தில் காலை வாரிவிடும். 'இந்தப் பயனர் பார்க்கக்கூடிய ஆவணங்கள்' என்று ஒரு ஸ்கோப். அதிலும் 'பயனர் இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனை. லாகின் செய்யாத ஒருவர் வந்தால் பயனர் நில், லாம்ப்டாவும் நில், மொத்த டேபிளும் அவர் திரையில். எரர் கிடையாது, லாகைப் பார்த்தாலும் சாதாரண செலக்ட்தான். கிளாஸ் மெத்தடாக இருந்திருந்தால் பக்கம் வெடித்திருக்கும். வெடிப்பதே மேல். எதில் எழுதினாலும் எல்ஸ் பகுதியில் 'நன்' (none) போட்டுவிடுங்கள். எதுவுமே இல்லாத, ஆனால் தொடர்ந்து கோக்கக்கூடிய ரிலேஷனை அது தரும். ஸ்கோப்புக்குள் 'ஃபைண்ட்_பை' எழுதுவதிலும் இதே பொறிதான்: கேட்ட ஒரு ரெக்கார்டு இல்லையென்றால் எல்லா ரெக்கார்டும் வந்து நிற்கும்.

ஸ்கோப்புக்குள் நேரத்தை ஒப்பிட்டால் சர்வர் கிளம்பிய நேரமே உறைந்துவிடும் என்ற பழைய புகாரை இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2013இல் வந்த ரெயில்ஸ் 4 லாம்ப்டாவைக் கட்டாயமாக்கியதோடு அது தீர்ந்தது. இன்னொன்று ஸ்கோப்புக்குச் சாதகமானது: ஆக்டிவ் ரெக்கார்டிலேயே (ரெயில்ஸில் டேபிளோடு பேசும் பகுதி) உள்ள கிளாஸ் மெத்தடின் பெயரை ஸ்கோப்புக்கு வைத்தால் உடனே எரர் வரும். நாமே மெத்தடாக எழுதினால் பழையது சத்தமில்லாமல் மறைந்துபோகும்.

அப்புறம், டிஃபால்ட் ஸ்கோப்: மாடலின் எல்லாக் குவெரியிலும் தானாகச் சேரும் ஸ்கோப். இதை மூன்றாவது வழியாகச் சொல்வார்கள். நான் சேர்க்க மாட்டேன். 'வெளியானது ட்ரூ' என்று ஹாஷ் வடிவில் டிஃபால்ட் ஸ்கோப் வைத்த மாடலில் புதிதாக ஒரு கட்டுரையை உருவாக்கிப் பாருங்கள். படிப்பதற்கு வைத்த ஃபில்டர் புது ரெக்கார்டிலும் ஏறி, வரைவு என்று நினைத்தது வெளியானதாகவே சேமிக்கப்படும். கழற்றுவதும் எளிதல்ல. ஒரு பயனரின் கட்டுரைகள் மேல் 'அன்ஸ்கோப்டு' அழைத்தால், அந்தப் பயனருக்குரியவை என்ற நிபந்தனையும் சேர்ந்தே கழன்றுவிடும். குறிப்பிட்ட காலத்தை மட்டும் சொல்லி 'அன்ஸ்கோப்' செய்வதே பாதுகாப்பு. ('காலம்' என்றால் டேபிளின் காலம், நேரம் அல்ல.)

பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல்லில், தானாகச் சேரும் குளோபல் ஸ்கோப்புக்கும் இந்த மறைமுகத் தன்மை உண்டு. ஆனால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தனியாகக் கழற்றலாம். அங்கே, நாமே பெயர் சொல்லி அழைக்கும் லோக்கல் ஸ்கோப் எதையும் திருப்பாவிட்டாலும் பில்டரே (அதுவரை கோத்த குவெரி) திரும்பி வரும். ஆகவே அனுமதி பற்றிய எச்சரிக்கை அங்கும் பொருந்தும். பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ இந்த வித்தையெல்லாம் செய்வதில்லை. குவெரிசெட் (ரிலேஷன் போன்றது) கிளாஸில் மெத்தட் எழுதி, 1.7 முதல் இருக்கும் 'ஆஸ்_மேனேஜர்' மூலம் மாடலில் மாட்டினால் முடிந்தது. நீங்கள் நன் (None, 'எதுவுமில்லை') திருப்பினால் பைத்தானின் அந்த நன்தான் வரும், ரெயில்ஸின் காலி ரிலேஷன் அல்ல.

ரெயில்ஸில் என் கணக்கு இதுதான்: நிபந்தனை இல்லாத ஒரு வரிக்கும் தேடல் பக்கத்துக்கும் ஸ்கோப், அனுமதி தொடர்பான எதற்கும் கிளாஸ் மெத்தட். நான்கைந்து டேபிளை ஜாயின் செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் மாடலை விட்டே வெளியேற்றி, தனி குவெரி கிளாஸாக எழுதிவிடுவேன்.